ஹோம்ஸ்டே வீட்டில் ஆயிரம் ரிங்கிட்டை எங்கே செலவிடுவது?

தைப்பூசத்துக்குப் பத்துமலை, பங்குனி உத்திரத்துக்கு மாரான், சித்திரா பௌர்ணமிக்குத் தெலுக் இந்தான். இந்த ஊர்களின் தாமான்களில் திருவிழா நேரத்தில் நடந்து பார்த்தால், வீட்டு வாசல் கம்பியில் 'ஹோம்ஸ்டே' என்ற பலகை தொங்குவதைக் காணலாம். கைப்பேசி எண்ணுக்குக் கீழே "சைவச் சமையலுக்கு வசதி உண்டு" என்று தமிழில் எழுதியிருந்தால் அது யாருடைய வீடு என்று சொல்லத் தேவையில்லை.

தோட்டப்புறங்களில் இதற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. லயங்கள் இடிக்கப்பட்டுச் செம்பனையாகவோ வீடமைப்புப் பகுதியாகவோ மாறிவிட்ட ஊர்களில் கோயில் மட்டும் பழைய இடத்திலேயே நிற்கிறது. ஆண்டுத் திருவிழாவுக்குக் கோலாலம்பூரிலிருந்தும் ஜொகூரிலிருந்தும் திரும்பி வரும் குடும்பங்களுக்கு இறங்க ஒரு வீடில்லை. அருகிலுள்ள தாமானில் வீடு வாங்கியவர்கள், பெற்றோர் காலமான பிறகு பூட்டிக் கிடக்கும் வீட்டை வைத்திருப்பவர்கள், ஊழியர் சேமநிதிப் பணத்தில் சின்ன வருமானம் தேடும் ஓய்வுபெற்றவர்கள் ஆகியோர் அந்தத் தேவையை நிறைவு செய்கிறார்கள். ஒரு வீடு, மூன்று அறை, மாதத்தில் நான்கைந்து இரவு. பெரும்பாலோரின் கணக்கு இவ்வளவுதான்.

அந்தக் கணக்கில் பணம் எங்கே போகிறது என்பதில்தான் சிக்கல். வீட்டைத் திறப்பதற்கு முன் முதலில் வாங்கப்படுவது சோபா. பிறகு சுவரில் ஒட்டும் செங்கல் வடிவத் தாள், பெரிய தொலைக்காட்சி, வண்ண விளக்கு. படத்தில் அழகாகத் தெரிந்தால்தான் ஆள் வரும் என்ற எண்ணம் தவறென்று சொல்ல முடியாது. ஆனால் அதே வீட்டின் குளியலறையில் பத்தாண்டுப் பழைய வாட்டர் ஹீட்டர் இருக்கும். எரிவாயுக் குழாய் எப்போது மாற்றியது என்று யாருக்கும் நினைவிருக்காது. ஜன்னல் கம்பிப் பூட்டின் சாவி உரிமையாளரின் சொந்த வீட்டில் தொங்கும். சொந்தக் குடும்பம் குடியிருக்கும்போது வீட்டின் குறைகள் எல்லாருக்கும் தெரியும். "அந்த சுவிட்சைத் தொடாதே" என்று சொல்ல ஆள் இருக்கும். ஒரே இரவு தங்க வரும் பதினைந்து பேருக்கு அது தெரியாது. கையில் ஆயிரம் ரிங்கிட் மட்டும் இருந்தால் அதை எந்த வரிசையில் செலவழிக்க வேண்டும் என்பதை இந்த ஓர் உண்மையே முடிவு செய்கிறது.

முதல் செலவு டிபி பெட்டியில்

வீட்டுக்குள் நுழைந்ததும் மின் மீட்டருக்கு அருகில் இருக்கும் பெட்டியைத் திறந்தால், மற்ற சுவிட்சுகளைவிட அகலமான ஒன்று தெரியும். அதில் 'டி' என்றோ 'டெஸ்ட்' என்றோ எழுதிய சின்னப் பொத்தான் இருக்கும். பலர் இதை இன்னும் 'இஎல்சிபி' என்றே சொல்கிறார்கள். இப்போது பொருத்தப்படுபவை 'ஆர்சிசிபி' வகை. வேலை ஒன்றுதான். மின்சாரம் கம்பி வழியே போய்க் கம்பி வழியே திரும்ப வேண்டும். போன அளவுக்குத் திரும்பி வரவில்லை என்றால், அது ஈரச் சுவர் வழியாகவோ ஒரு மனித உடல் வழியாகவோ தரைக்கு இறங்குகிறது என்று பொருள். அந்த வேறுபாட்டை உணர்ந்து நொடியின் ஒரு சிறு பகுதிக்குள் இணைப்பைத் துண்டிக்கும் கருவி இது.

பொத்தானை அழுத்தினால் வீடு இருட்டாக வேண்டும். ஆகவில்லை என்றால் அந்தக் கருவி பெட்டியில் வெறும் அலங்காரமாக இருக்கிறது. மாதம் ஒருமுறை அழுத்திப் பார்ப்பதற்குச் செலவு எதுவும் இல்லை. விருந்தினர் வருவதற்கு முதல் நாள் வீட்டைப் பெருக்கும்போதே செய்துவிடலாம்.

நம் நாட்டில் இடி மின்னல் அதிகம். ஒவ்வோர் இடிக்கும் இந்தக் கருவி விழுந்துகொண்டே இருந்தால், யாராவது ஒருவர் அதைத் தாண்டி நேராகக் கம்பி இழுத்துக் கொடுத்துவிட்டுப் போவதும் நடக்கிறது. தொல்லை தீர்ந்தது என்று தோன்றும். பாதுகாப்பும் அதோடு தீர்ந்தது. அடிக்கடி விழுந்தால் கருவியை மாற்ற வேண்டும், அல்லது எந்தக் கம்பியில் கசிவு என்று தேட வேண்டும். எரிசக்தி ஆணையத்தில் பதிவு பெற்ற வயர்மேனை அழைத்து மாற்ற, பொருளும் கூலியும் சேர்த்து 150 முதல் 250 ரிங்கிட் வரை ஆகலாம்.

வாட்டர் ஹீட்டருக்குத் தனிக் கவனம் தேவை. வெறுங்காலோடு, நனைந்த உடம்போடு, தண்ணீருக்கும் மின்சாரத்துக்கும் நடுவில் மனிதர் நிற்கும் ஒரே இடம் அது. சாதாரண பிளக்குகளுக்கு 30 மில்லிஆம்பியர் கசிவில் துண்டிக்கும் கருவி போதும் என்றால், வாட்டர் ஹீட்டருக்கு 10 மில்லிஆம்பியரில் துண்டிக்கும் கருவி வைப்பதே முறை. ஹீட்டரின் உள்ளேயே ஒரு துண்டிப்பான் இருந்தாலும், பெட்டியில் இருப்பதை அது ஈடுசெய்யாது. தரைக்கம்பி சரியாக இணைக்கப்பட்டிருக்கிறதா என்பதையும் வயர்மேன் கருவி வைத்து அளந்து சொல்ல வேண்டும். பார்த்துச் சொல்லக்கூடிய விஷயமல்ல.

இன்னொரு கணக்கு. சந்தையில் கிடைக்கும் உடனடி ஹீட்டர்கள் பெரும்பாலும் 3.6 கிலோவாட். 240 வோல்டில் அது 15 ஆம்பியர். நம் வீட்டு மூன்று முனை பிளக் தாங்குவது 13 ஆம்பியர். ஆகவே குளியலறைக்கு வெளியே இருக்கும் பிளக்கிலிருந்து இழுத்து ஹீட்டர் மாட்டியிருந்தால், அது ஒவ்வொரு குளியலுக்கும் கம்பியைச் சூடாக்கிக்கொண்டிருக்கிறது. பெட்டியிலிருந்து தனிக் கம்பியும் இரட்டை முனை சுவிட்சும் வேண்டும். ஹீட்டரைப் புதிதாக வாங்கும் செலவைவிட இந்தக் கம்பி இழுக்கும் செலவு சில வீடுகளில் அதிகமாகும். இரண்டுக்கும் பணம் போதவில்லை என்றால் கம்பியை முதலில் இழுத்துவிட்டு, ஹீட்டர் வரும்வரை அடுப்பில் தண்ணீர் காய்ச்சிக் கொடுக்கலாம். கேமரன் மலையைத் தவிர மற்ற ஊர்களில் விருந்தினர் அதை ஏற்றுக்கொள்வார்கள்.

திருமண வீட்டுக் கூட்டம் தங்கினால் காலை ஐந்து மணிக்கு நடப்பதை நினைத்துப் பார்க்க வேண்டும். ஒரே நீட்டிப்புக் கம்பியில் கெட்டில், சேலைக்கு இஸ்திரிப் பெட்டி, முடி உலர்த்தி. கெட்டில் 2,000 வாட் என்றால் அது மட்டுமே எட்டு ஆம்பியருக்கு மேல். இஸ்திரிப் பெட்டியையும் சேர்த்தால் 13 ஆம்பியரைத் தாண்டிவிடும். விருந்தினரிடம் "ஒன்றாகப் போடாதீர்கள்" என்று எழுதி ஒட்டுவதைவிட, இஸ்திரி போடும் அறையிலும் சமையலறையிலும் சுவர் பிளக் ஒன்று கூடுதலாக வைப்பது பயன் தரும். எழுதி ஒட்டியதை அந்த நேரத்தில் யாரும் படிப்பதில்லை.

மின்பொருள் எதுவானாலும் சிரிம் முத்திரை இருக்கிறதா என்று பார்த்து வாங்க வேண்டும். இணையத்தில் பாதி விலைக்குக் கிடைக்கும் இரண்டு முனை பிளக் பொருள்கள் பலவற்றில் அது இருப்பதில்லை. பழைய பொருள் கடையில் மேசை வாங்கலாம், அலமாரி வாங்கலாம், கட்டில்கூட வாங்கலாம். பழைய ஹீட்டரும் பழைய நீட்டிப்புக் கம்பியும் வேண்டாம்.

புகை, எரிவாயு, ஜன்னல் கம்பி

பேட்டரியில் ஓடும் புகை எச்சரிக்கைக் கருவி ஒன்று 50 ரிங்கிட் அளவில் கிடைக்கிறது. கூரையில் இரண்டு திருகு போட்டால் முடிந்தது, வயர்மேன் வேண்டாம். எங்கே மாட்டுவது என்பதுதான் முக்கியம். சமையலறையில் மாட்டினால் கடுகு தாளித்த உடனே அலறும். விருந்தினர் நாற்காலி போட்டு ஏறி பேட்டரியைக் கழற்றிவிடுவார். அது திரும்ப மாட்டப்படாது. படுக்கையறைகளுக்கு வெளியே நடைபாதைக் கூரையில் ஒன்று, கூடத்தில் ஆட்கள் படுப்பார்கள் என்றால் அங்கே ஒன்று. சாம்பிராணி போடும் சாமி மாடத்துக்கு நேர் மேலே வைக்கக் கூடாது. சமையலறைக்கும் வேண்டும் என்றால் புகையை விட்டுவிட்டு வெப்பத்தை உணரும் வகையைக் கேட்டு வாங்கலாம்.

சாமி மாடத்தைப் பற்றிப் பேசும்போதே இதையும் சொல்லிவிடலாம். தமிழ் விருந்தினர் விளக்கேற்றுவார்கள்; ஏற்றக் கூடாது என்று சொல்வது எடுபடாது. மாடத்தில் ஒரு தரைஓடு, அதன் மேல் எண்ணெய் வழிந்தாலும் தாங்கும் எவர்சில்வர் தட்டு, பக்கத்தில் திரைச்சீலை தொங்காத இடம். ஐந்து ரிங்கிட் வேலை.

எரிவாயு அடுப்பின் ரப்பர் குழாயை இரண்டு ஆண்டுக்கு ஒருமுறையும், ரெகுலேட்டரை ஐந்து ஆண்டுக்கு ஒருமுறையும் மாற்றுவது நல்ல வழக்கம். குழாயை வளைத்துப் பார்த்தால் வெடிப்பு தெரியும். அப்படியானால் நாள் பார்க்க வேண்டாம், அன்றே மாற்ற வேண்டும். இரண்டுக்கும் சேர்த்து 60 ரிங்கிட் போதும். மாற்றிய மாதத்தை மார்க்கர் பேனாவால் உருளையின் மேலே ஒட்டிய காகிதத்தில் எழுதி வைத்தால் அடுத்த முறை தேட வேண்டியதில்லை.

எரிவாயுவே வேண்டாம், இண்டக்ஷன் அடுப்பு வைத்துவிடலாம் என்று சிலர் யோசிக்கிறார்கள். யோசனை நல்லது. ஆனால் அதில் அலுமினியப் பானையும் அடி வளைந்த இரும்புச் சட்டியும் வேலை செய்யாது. காந்தம் ஒட்டும், அடி தட்டையான பாத்திரம்தான் வேண்டும். தோசைக்கல்லைப் பையில் வைத்துக்கொண்டே வரும் குடும்பங்கள் நம்மிடம் அதிகம். இண்டக்ஷன் வைப்பதானால் பாத்திரத்தையும் சேர்த்து வாங்க வேண்டும். அந்தக் கணக்கைப் போட்ட பிறகு எரிவாயுவே மலிவாகத் தெரியலாம்.

ஒரு கிலோ தூள் வகைத் தீயணைப்பான் ஒன்று, தீப்போர்வை ஒன்று, இரண்டும் சமையலறை வாசலில் இருக்கட்டும். அடுப்புக்கு மேலே மாட்டினால் தீப்பிடிக்கும் நேரத்தில் கைக்கு எட்டாது. தீயணைப்பானின் அளவுமானி முள் பச்சைப் பகுதியில் நிற்கிறதா, காலாவதி நாள் என்ன என்று பார்த்து வாங்க வேண்டும். எண்ணெய்ச் சட்டியில் தீப்பற்றினால் தண்ணீர் ஊற்றக் கூடாது என்பதையும் 999 என்ற எண்ணையும் தமிழிலும் மலாயிலும் எழுதி அங்கேயே ஒட்டலாம். இந்த ஒரு தாளை மட்டும் யாராவது படிக்கக்கூடும்.

இவை எல்லாவற்றையும்விட முக்கியமானது செலவே இல்லாத ஒன்று. நம் வீடுகளில் ஜன்னலுக்கும் கதவுக்கும் இரும்புக் கம்பி, அதற்குப் பூட்டு. திருடனுக்காகப் போட்டது தீ விபத்தின்போது உள்ளே இருப்பவரைச் சிறை வைத்துவிடுகிறது. கம்பிக் கதவால் வெளியேற முடியாமல் குடும்பங்கள் மாண்ட செய்திகள் நாளிதழ்களுக்குப் புதிதல்ல. படுக்கையறை ஒவ்வொன்றிலும் திறக்கக்கூடிய ஒரு கம்பியாவது இருக்க வேண்டும். அதன் சாவி அந்த அறைக்குள்ளேயே, வெளியிலிருந்து கை எட்டாத, குழந்தையும் எடுத்து விளையாட முடியாத உயரத்தில் ஆணியில் தொங்க வேண்டும். பின்கதவுச் சாவியும் அப்படியே. சாவி தொலையும் என்று பயந்து அதைத் தம்மிடமே வைத்துக்கொள்ளும் உரிமையாளர், இரண்டு ரிங்கிட் சாவி நகலுக்காகப் பதினைந்து உயிரைப் பணயம் வைக்கிறார்.

தூக்கமும் தண்ணீரும்

பாதுகாப்புக்குப் பிறகு, விருந்தினர் திரும்ப வருவாரா என்பதை முடிவு செய்வது இரண்டு விஷயம்: இரவு தூங்கினாரா, காலையில் குளித்தாரா.

மெத்தையை மாற்றுவதற்கு முன் மெத்தை உறையை மாற்றலாம். தண்ணீர் புகாத, முழுவதும் மூடி ஜிப் போடும் உறை ஒன்று 50 ரிங்கிட்டுக்குக் கிடைக்கும். குழந்தை நனைத்தாலும் மெத்தை தப்பும். விருந்தினர் பெட்டியோடு மூட்டைப்பூச்சி வந்தாலும் மெத்தைக்குள் குடியேற இடமில்லை. பூச்சி மருந்தடிப்பவரை ஒருமுறை அழைக்கும் செலவில் நான்கு உறை வாங்கிவிடலாம். கூடத்தில் விரிக்கும் கூடுதல் டிலாம்களுக்கும் இது பொருந்தும். அவைதான் வீடு வீடாகப் பயணம் செய்பவை.

விடுதிகளைப் பார்த்து வெள்ளைத் துண்டு வாங்குவது நம் விருந்தினருக்கு ஒத்துவராது. மஞ்சள், குங்குமம், மருதாணி, தலை எண்ணெய், நலங்கு முடிந்த கை. கரும்பழுப்பு அல்லது கருநீலத் துண்டுகள் இரண்டு ஆண்டு உழைக்கும். வெள்ளை இரண்டு திருமணம் தாண்டாது. வெள்ளை விரிப்பு ஏற்கெனவே வாங்கியவர்களுக்கு ஒரு செய்தி: மஞ்சள் கறை வெயிலில் மங்கிவிடும். துவைத்து ஈரத்தோடு நல்ல வெயிலில் இரண்டு நாள் காயப்போட்டால் பெரும்பகுதி போய்விடும். குங்குமத்துக்கு அந்த வித்தை பலிக்காது.

மின்விசிறி மெதுவாகச் சுற்றினால் புதிது வாங்கத் தேவையில்லாமலும் இருக்கலாம். பெரும்பாலும் அதன் உள்ளே இருக்கும் கெப்பாசிட்டர் என்ற சின்னக் கறுப்புப் பெட்டி வலுவிழந்திருக்கும். அதன் விலை சில ரிங்கிட்தான். வயர்மேன் ஹீட்டருக்கு வரும் அன்றே வீட்டு விசிறிகள் அனைத்துக்கும் மாற்றச் சொன்னால் தனிக் கூலி மிச்சம். குளிர்சாதனமும் அப்படியே. குளிரவில்லை என்று ஆயிரம் ரிங்கிட்டுக்குப் புதிது வாங்குவதற்கு முன், வடிகட்டித் தட்டைக் கழுவி, ஒருமுறை முழுமையாகச் சுத்தம் செய்து பார்க்க வேண்டும்.

குளிர்சாதனத்தில் பணம் போவது விருந்தினர் தூங்கும்போது அல்ல. அவர் கோயிலுக்குப் போன பிறகும், வீட்டைக் காலி செய்த பிறகும் அது ஓடிக்கொண்டிருக்கும்போது. 2025 ஜூலை முதல் நடப்பில் இருக்கும் மின் கட்டண முறையில், மாதம் 1,500 யூனிட்டுக்குள் பயன்படுத்தும் வீட்டுக்கு மூன்று வகைக் கட்டணமும் சேர்ந்து யூனிட்டுக்கு ஏறக்குறைய 44 சென். குறைவாகப் பயன்படுத்துவோருக்குக் கழிவும் உண்டு. ஒரு குதிரைத்திறன் குளிர்சாதனம் மணிக்கு முக்கால் யூனிட் இழுத்தால், ஒரு நாள் முழுக்க ஓடுவதற்கு எட்டு ரிங்கிட் அளவு வரும். இரண்டு அறை, மாதம் நான்கைந்து முறை என்று பெருக்கிப் பார்த்தால், கைப்பேசி வழி அணைக்கும் 40, 50 ரிங்கிட் கருவி ஓரிரு மாதத்தில் தன் விலையைத் திருப்பிக் கொடுத்துவிடும். வைஃபை உள்ள வீட்டுக்கு மட்டுமே இது பொருந்தும். வைஃபை இல்லாத வீட்டில் பக்கத்து வீட்டு அக்காவிடம் ஒரு சாவி கொடுத்து வைப்பதே வழி.

தண்ணீருக்கு வருவோம். பழைய தெரஸ் வீட்டுக் கூரைத் தொட்டி ஒரு குடும்பத்துக்கு அளவெடுத்து வைத்தது. பதினைந்து பேர் காலையில் தலைக்குக் குளித்தால் ஆறு மணிக்கே காற்றுதான் வரும். பெரிய தொட்டியும் அழுத்த மோட்டாரும் வைக்க வசதி இல்லாதவர்கள், குளியலறையில் மூடியோடு கூடிய பெரிய பிளாஸ்டிக் பீப்பாயும் இரண்டு குவளையும் வைக்கலாம். பார்க்க எளிமைதான். ஆனால் நீர் விநியோகத் தடை வரும் நாளில் அந்தப் பீப்பாய்தான் வாடகையைத் திருப்பிக் கொடுக்காமல் காப்பாற்றும். ஏடிஸ் கொசு முட்டையிடாதபடி, விருந்தினர் போனதும் அதைக் கவிழ்த்து வைக்க வேண்டும்.

திருமணத்துக்கு வருபவர்களில் பாட்டிமார்கள் உண்டு. குளியலறைத் தரையில் வழுக்காத விரிப்பும் கழிப்பறைப் பக்கச் சுவரில் பிடித்து எழ ஒரு கம்பியும் சேர்த்து 80 ரிங்கிட்டுக்குள் முடியும். ஜிப்சம் பலகைச் சுவரில் மாட்டினால் கம்பியோடு பாட்டியும் வந்துவிடுவார். செங்கல் சுவரில் துளையிட்டு மாட்ட வேண்டும். வீடு காலியாக இருக்கும் நாட்களில் மீட்டருக்கு அருகில் இருக்கும் வால்வை மூடிவிட்டுப் போவதும் நல்லது. கழிப்பறை ஸ்பிரே குழாய் வெடித்து இரண்டு வாரம் தண்ணீர் ஓடியது யாருக்கும் தெரியாமல் போவது நடக்கும் கதைதான்.

சமையல் பாத்திரத்தில் ஒரு சின்ன முதலீடு, அதிகப் பலன். பானை, சட்டி, கரண்டி, அரிவாள்மனை என ஒரு சிறு தொகுதியைச் சைவத்துக்கென்று தனியாக ஒதுக்கிப் பச்சை நாடா ஒட்டித் தனி அலமாரியில் பூட்டி வைத்தால், விரதக் காலத்தில் அந்த வீட்டைத் தேடி வருவார்கள். ஐந்து நட்சத்திர விடுதியில் கிடைக்காத வசதி அது.

துணி துவைக்கும் இயந்திரம் தேவைப்படாது. சுயசேவை டோபிக் கடை இல்லாத பட்டணம் இப்போது இல்லை. மிக அருகில் இருப்பதன் முகவரியை எழுதி வைத்தால் போதும்.

சாவியும் கேமராவும்

இரவு பதினொரு மணிக்கு வந்து சேரும் பேருந்துக் குடும்பத்துக்காக உரிமையாளர் விழித்திருக்க வேண்டாம் என்றால் எண் பூட்டுள்ள சாவிப் பெட்டி போதும், 40 ரிங்கிட். ஒவ்வொரு விருந்தினருக்கும் எண்ணை மாற்ற வேண்டும். இதைத்தான் பலர் செய்வதில்லை. போன தைப்பூசத்துக்கு வந்தவரிடமும் அதே எண் இருக்கும். பல நூறு ரிங்கிட் மின்னணுப் பூட்டு அந்தத் தொல்லையைக் குறைக்கும். ஆனால் பேட்டரி தீர்ந்த இரவில் யார் வந்து திறப்பது என்பதை யோசித்த பிறகுதான் அதை வாங்க வேண்டும். வாசலில் இரும்புக் கம்பிக் கதவும் அதற்குத் தனிப் பூட்டும் இருக்கும் வீட்டில், உள்கதவுக்கு மட்டும் மின்னணுப் பூட்டு வைத்துப் பயனில்லை.

கேமரா வாசலைப் பார்க்கலாம். வீட்டுக்குள் வைக்கக் கூடாது, கூடத்திலும் கூடாது. ஏர்பிஎன்பி தளம் 2024 ஏப்ரல் 30 முதல் உட்புறக் கேமராக்களை முற்றாகத் தடை செய்துவிட்டது. அந்தத் தளத்தில் இல்லாத வீடுகளும் இதைப் பின்பற்றுவதே மரியாதை. பெண்கள் சேலை மாற்றும் வீடு அது.

வாங்கும் முன் கேட்க வேண்டியவை

மின்கசிவுத் துண்டிப்பான், மூன்று புகைக் கருவி, தீயணைப்பானும் போர்வையும், எரிவாயுக் குழாயும் ரெகுலேட்டரும், நான்கு மெத்தை உறை, குளியலறை விரிப்பும் கம்பியும், சாவிப் பெட்டி. இவை எல்லாம் கடையில் ஏறக்குறைய சொல்லப்படும் விலையில் ஆயிரம் ரிங்கிட்டுக்குள் அடங்கும். ஹீட்டருக்குத் தனிக் கம்பி இழுக்க வேண்டியிருந்தால் தாண்டும். இந்த அளவுக்குக் கடன் தேவையில்லை. பெரிய சீரமைப்புக்குப் பணம் தேடுபவர்கள் தெக்குன் நேஷனலின் ஸ்பூமி கடனுதவியையும், பெண்கள் அமானா இக்தியாரின் 'பெண்' திட்டத்தையும் விசாரிக்கலாம்.

ஆனால் ஒரு வெள்ளி செலவழிப்பதற்கு முன் அந்த வீட்டை வாடகைக்கு விட அனுமதி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். தோட்ட நிர்வாகம் கொடுத்த வீடு என்றால் பேச்சே இல்லை. அடுக்குமாடி வீடு என்றால் நிர்வாகக் குழுவின் விதிகளைப் படிக்க வேண்டும். கோலாலம்பூரில் வெர்வ் சூட்ஸ் மோண்ட் கியாரா அடுக்குமாடி தொடர்பான வழக்கில், குறுகிய கால வாடகையை நிர்வாகக் கழகம் தன் விதிகளின் மூலம் தடை செய்யலாம் என்று 2020-ஆம் ஆண்டு கூட்டரசு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தரை வீடுகளுக்கு ஊராட்சி மன்றத்துக்கு ஊராட்சி மன்றம் விதி மாறுகிறது. உரிமம் பற்றிக் கவுண்டரில் நேரில் கேட்பதே நல்லது. 'ஹோம்ஸ்டே' என்ற சொல்லும் சற்றுக் குழப்பமானது. 1995-இல் தெமர்லோவில் தொடங்கிய சுற்றுலா அமைச்சின் ஹோம்ஸ்டே திட்டம், கிராமத்துக் குடும்பத்தோடு ஒரே வீட்டில் தங்குவதைக் குறிப்பது. முழு வீட்டையும் வாடகைக்கு விடுவது அந்தத் திட்டத்தில் சேராது.

காப்புறுதி முகவரையும் ஒரு வார்த்தை கேட்டுவிட வேண்டும். குடியிருக்கும் வீட்டுக்கென்று எடுத்த காப்புறுதி, வாடகை விருந்தினர் இருந்தபோது ஏற்பட்ட தீ விபத்துக்குப் பணம் தருமா என்பது பாலிசியைப் பொறுத்தது. பதிலை எழுத்தில் வாங்கிக்கொள்ளலாம். வாங்கும் பொருள்களுக்கும் வயர்மேன் கூலிக்கும் ரசீது இருக்கட்டும். வருமான வரிக் கணக்குக்காக ஏழு ஆண்டு வைத்திருக்க வேண்டும்.

பொருள்கள் வந்து சேர்ந்ததும் உரிமையாளர் குடும்பத்தோடு ஓர் இரவு அங்கே தங்கிப் பார்ப்பது நல்லது. எல்லா அறையிலும் படுத்து, எல்லாரும் ஒரே நேரத்தில் குளித்து, எண்ணெய்ச் சட்டி வைத்துப் பொரித்து, விளக்கேற்றி, கெட்டிலையும் இஸ்திரிப் பெட்டியையும் ஒன்றாகப் போட்டு. எது விழுகிறது, எது அலறுகிறது, எந்தச் சாவியைத் தேட வேண்டியிருக்கிறது என்று அன்றே தெரிந்துவிடும். தைப்பூசத்துக்காக வீட்டைத் தயார் செய்பவர்கள் இதைத் தீபாவளி முடிந்த கையோடு செய்ய வேண்டும். ஜனவரியில் வயர்மேன் கிடைப்பது பத்துமலையில் வாகன நிறுத்துமிடம் கிடைப்பதைப் போலத்தான்.